குதிர் நிறைந்த பிறகு

ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல். பையனின் பின்கழுத்தில் கறுப்பாகப் படிந்திருப்பதை அம்மா பீர்க்கை நாரால் தேய்க்கிறாள். போகவில்லை. அடுத்த வாரம் கடலை மாவு, அதற்கடுத்த வாரம் எலுமிச்சைத் தோல். "ஒழுங்கா அழுக்குத் தேய்ச்சுக் குளிக்கிறதே இல்ல" என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வசவு விழுகிறது. அழுக்காக இருந்தால் எப்போதோ போயிருக்கும். வெல்வெட் துணிபோல் லேசாகத் தடித்து, வரிவரியாகக் கறுத்திருக்கும் அந்தத் தோலுக்கு மருத்துவர்கள் 'அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மீறி ஓடும்போது அது தோல் செல்களையும் பெருகத் தூண்டுகிறது. கழுத்து, அக்குள் போன்ற மடிப்புகளில் முதலில் தெரிகிறது. பையனுக்குச் சுகர் டெஸ்ட் எடுத்தால் அநேகமாக நார்மல் என்றுதான் வரும். அந்த நார்மலைக் கட்டிக்காக்கக் கணையம் இரவும் பகலும் என்ன பாடுபடுகிறது என்பதை லேப் சீட்டு சொல்லாது.

கணையத்தின் இந்தக் கூடுதல் பாட்டுக்குக் காரணம் இன்சுலின் எதிர்ப்பு. சாப்பிட்டவுடன் ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸைத் தசைக்குள் அனுப்புவது, கல்லீரல் தன் பங்குக்குச் சர்க்கரை தயாரிப்பதை நிறுத்துவது, கொழுப்புக் கிடங்கிலிருந்து கொழுப்பு கசியாமல் அடைப்பது எல்லாம் இன்சுலின் பார்க்கும் வேலைகள். பத்து யூனிட்டில் முடிந்த வேலைக்கு இருபது யூனிட் தேவைப்படத் தொடங்கினால் அந்த உடம்பில் எதிர்ப்பு வந்துவிட்டது என்று பொருள். கணையம் இருபதையும் சுரந்து கொடுக்கும்வரை சர்க்கரை ஏறாது. பல ஆண்டுகள் இப்படியே ஓடலாம். முப்பது, நாற்பது கேட்கும் கட்டத்தில் கணையம் தளரும்போதுதான் 'பார்டர்ல இருக்கு' என்ற வார்த்தை வீட்டுக்குள் நுழைகிறது.

மருத்துவ உலகமே இதைப் புரிந்துகொள்ள நாளாயிற்று. 1922 ஜனவரியில் டொரண்டோவில் லியனார்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டபோது, சர்க்கரை நோய் என்றாலே இன்சுலின் இல்லாமை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். லண்டன் மருத்துவர் ஹெரால்ட் ஹிம்ஸ்வொர்த் ஓர் எளிய சோதனை செய்தார். நோயாளிகளுக்குக் குளுக்கோஸைக் குடிக்கக் கொடுத்து, அதே நேரத்தில் இன்சுலினையும் செலுத்தினார். சிலருக்குச் சர்க்கரை ஏறவே இல்லை. சிலருக்கு, ஊசி போட்டதே தெரியாததுபோல், விறுவிறுவென்று ஏறியது. இன்சுலினுக்கு மசியும் நோய், மசியாத நோய் என்று இரண்டு உண்டு என்று அவர் 1936-ல் 'லான்செட்' இதழில் எழுதினார். பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 1960 வாக்கில் நியூயார்க்கின் ராசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் ரத்தத்தில் இன்சுலினை நேரடியாக அளக்கும் முறையைக் கொண்டுவந்தபோது, நடுவயதில் சர்க்கரை நோய் வந்த பலருக்கு இன்சுலின் குறைவாக இல்லை, சொல்லப்போனால் கூடுதலாகவே இருந்தது தெரியவந்தது. யாலோவுக்கு 1977-ல் நோபல் கிடைத்தது. பெர்சன் அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே காலமாகிவிட்டார். 1988-ல் அமெரிக்காவின் ஜெரால்ட் ரீவன், உயர் ரத்த அழுத்தம், ட்ரைகிளிசரைட் ஏற்றம், நல்ல கொழுப்புக் குறைவு, சர்க்கரை எல்லாவற்றையும் ஒரே நூலில் கோத்து, அந்த நூல் இன்சுலின் எதிர்ப்புதான் என்றார். இன்று அதை மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்கிறார்கள்.

இன்சுலின் எதிர்ப்பைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் எடுத்துவிடும் உதாரணம் பூட்டும் சாவியும். செல்லின் கதவுக்கு இன்சுலின் சாவி, பூட்டு துருப்பிடித்துவிட்டது என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பூட்டு ஏன் துருப்பிடித்தது என்ற கேள்விக்கு மட்டும் அதில் பதில் கிடையாது. நெல் குதிரை நினைத்துக்கொண்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். அறுவடை நெல் குதிருக்குள் போகும்வரை வீடு வீடாக இருக்கும். குதிர் நிறைந்த பிறகும் மூட்டைகள் வந்துகொண்டே இருந்தால் திண்ணையில் அடுக்குவார்கள், பிறகு கூடத்தில், பிறகு அடுப்படியில். சமையல் செய்ய இடம் இருக்காது. உடம்பில் தோலுக்கடியில் உள்ள கொழுப்புத் திசுதான் குதிர். அது கொழுப்பைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். அது நிரம்பியதும் மிச்சக் கொழுப்பு வயிற்றுக்குள் குடலைச் சுற்றியும், கல்லீரலிலும், தசை நாருக்குள்ளும், கணையத்திலும் தங்க ஆரம்பிக்கிறது. கொழுப்பு புகுந்த தசையிலும் கல்லீரலிலும் இன்சுலின் கொடுக்கும் சமிக்ஞை உள்ளே போய்ச் சேருவதற்குள் அறுந்துபோகிறது. கொழுப்பின் எந்தத் துணைப்பொருள் அறுக்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. யேல் பல்கலைக்கழகத்தின் ஜெரால்ட் ஷுல்மன் ஒன்றைச் சொல்கிறார், செராமைடு என்ற வேறொன்றைக் கைகாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பிதுங்கிய கொழுப்புத் திசுவில் அழற்சி உண்டாகி, அதிலிருந்து கிளம்பும் ரசாயனங்களும் இன்சுலினைத் தடுக்கின்றன என்ற கண்டுபிடிப்பும் 1993-லிருந்து சேர்ந்துகொண்டது.

குதிர்க் கதைக்கு வலுவான சாட்சி, உடம்பில் கொழுப்பே இல்லாதவர்கள். லிபோடிஸ்ட்ரோபி என்ற அபூர்வக் கோளாறில் தோலடிக் கொழுப்பு வளர்வதே இல்லை. பார்க்க எலும்பும் நரம்புமாக இருப்பார்கள். கொழுப்புதான் எதிரி என்றால் இவர்களுக்குச் சர்க்கரையே வரக்கூடாது. நடப்பது நேர்மாறு. கடுமையான இன்சுலின் எதிர்ப்பும் கொழுப்பு அடைத்த கல்லீரலும் இவர்களுக்குத்தான். குதிரே இல்லாத வீட்டில் எல்லா நெல்லும் கூடத்தில். இரண்டாவது சாட்சி, நம்மூர் மருந்துக்கடைகளில் சாதாரணமாகப் புழங்கும் பையோகிளிட்டசோன் மாத்திரை. அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு எடை கூடும், இன்சுலின் எதிர்ப்போ குறையும். தோலடிக் குதிரைப் பெரிதாக்கி, கல்லீரலில் கிடப்பதை அங்கே மாற்றிவைப்பது அதன் வேலை.

சரி, குதிர் எல்லோருக்கும் ஒரே அளவா? இல்லை என்பதைக் காட்டும் புகைப்படம் ஒன்று 2004-ல் 'லான்செட்' இதழில் வந்தது. அருகருகே இரண்டு மருத்துவர்கள். ஒருவர் புனே கேஇஎம் மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாக்னிக், மற்றவர் லண்டனின் ஜான் யுட்கின். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. பார்வைக்கும் ஏறத்தாழ ஒரே வாகு. கருவியில் அளந்தபோது யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்கின் உடம்பில் 21.2 சதவீதம். தராசு இருவருக்கும் ஒரே எண்ணைச் சொன்னது. ஒருவர் சுமந்தது தசை, மற்றவர் சுமந்தது கொழுப்பு. "நான்தான் ஒல்லியா இருக்கேனே, எனக்கு எப்படிச் சுகர்?" என்று கேட்கும் லட்சக்கணக்கான இந்தியர்களுக்கு அந்தப் படத்தில் விடை இருக்கிறது. கை கால் ஒல்லி, தொப்பை மட்டும் பனியனைத் தள்ளிக்கொண்டு நிற்கும் உடல்வாகு நமக்கு அந்நியமா என்ன?

யாக்னிக் இதன் வேரைத் தேடிக் கருவறைக்கே போனார். 1993-ல் புனேக்கு அருகே ஆறு கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பின்தொடரும் ஆய்வைத் தொடங்கினார். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்தவை 3.5 கிலோ. புனேக் குழந்தைகளுக்குத் தசை குறைவு, உறுப்புகள் சிறிசு, வயிறு ஒட்டியிருந்தது. முதுகுத் தோலைக் கிள்ளி அளக்கும்போது மட்டும் கொழுப்பு கிட்டத்தட்ட வெள்ளைக்காரக் குழந்தைகளின் அளவுக்கே வந்தது. பிறக்கும்போதே ஒல்லி, பிறக்கும்போதே கொழுப்பு. அந்தத் தாய்மார்களில் மூன்றில் இரண்டு பேருக்கு வைட்டமின் பி12 பற்றாக்குறை. பி12 குறைந்து, ஃபோலேட் மிகுந்திருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு ஆறு வயதிலேயே இன்சுலின் எதிர்ப்பு அதிகமாக இருந்தது. பால், முட்டை, மீன் அபூர்வமாகவே தட்டுக்கு வரும் வீடுகளில் பி12 எங்கிருந்து கிடைக்கும்?

இனி உணவுக்கு வரலாம். தமிழ்நாட்டில் பேச்சு அங்கேதானே போய் நிற்கும்.

மதிய நேரம் ஏதாவது ஒரு மெஸ்ஸுக்குள் நுழைந்து பார்த்தால் போதும். இலை போட்டதும் ஒரு கரண்டி பொரியல், ஒரு கரண்டி கூட்டு, ஊறுகாய், அப்பளம். நடுவில் சோற்றுக் குன்று. குழி பறித்துச் சாம்பார். குன்று தீர்ந்ததும் மறு சோறு, ரசம். பிறகு மோருக்கு இன்னொரு கை. பொரியல் முதல் சுற்றிலேயே காலி. 'இன்னும் கொஞ்சம் சோறு' என்று கேட்டால் முகம் மலர்ந்து போடுகிறவர், பொரியலுக்குக் கேட்டால் ஒரு ஸ்பூன் வைப்பார். இப்படிப் போகும் சோறு அரைக் கிலோவை எளிதாகத் தாண்டும். நூறு கிராம் சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து. ஒரே வேளையில் 140 கிராம் மாவுச்சத்து உள்ளே போகிறது. கூட வரும் பருப்பு, சாம்பாரில் மிதக்கும் சில கரண்டி. காலை இட்லியும் இரவு தோசையும் இதே கணக்கின் வேறு பக்கங்கள்தான்.

நாடு முழுக்கப் பார்த்தாலும் படம் மாறுவதில்லை. சென்னை மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நடத்திய பெரிய ஆய்வின்படி இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதத்திலிருந்து 12 சதவீதம் மட்டும். 21 நாடுகளில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ப்யூர் ஆய்வு 2020-ல் வெளிவந்தது. தெற்காசியாவில் நாளுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிடுகிறவர்களுக்கு, 150 கிராமுக்குக் கீழே சாப்பிடுகிறவர்களைவிடச் சர்க்கரை நோய் வரும் ஆபத்து 61 சதவீதம் அதிகம் என்று அது கண்டது.

அப்படியானால் அரிசிதான் குற்றவாளி என்று எழுதி முடித்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். தாத்தாவும் பாட்டியும் இதைவிடப் பெரிய குன்றைச் சாப்பிட்டவர்கள். 1970-களின் தொடக்கத்தில் நாடு தழுவிய ஆய்வில் நகரத்தில் 2.1 சதவீதம், கிராமத்தில் 1.5 சதவீதம் பேருக்குத்தான் சர்க்கரை நோய் இருந்தது. சென்னை நகரத்தில் 1989-ல் 8.3 சதவீதம், 2004-ல் 14.3 சதவீதம். ஹிம்ஸ்வொர்த்தே 1930-களில் ஆரோக்கியமான இளைஞர்களுக்கு மாவுச்சத்து மிகுந்த உணவைக் கொடுத்துப் பார்த்து, அவர்கள் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் கூடுவதைக் கண்டிருந்தார். நாற்று நட்டு, களை பறித்து, தண்ணீர் இறைத்த உடம்பில் தசை ஒவ்வொரு நாளும் தன் கையிருப்பைக் காலி செய்தது. இரவுச் சோறு போய்ச் சேர இடம் இருந்தது. அந்த இடம் போனபிறகும் சோற்றின் அளவு குறையவில்லை. உரல் போய் மில் வந்து, தவிடும் முளையும் உமியோடு போயின. வெள்ளை வெளேரென்று, ஒன்றோடொன்று ஒட்டாமல், பூப்போல உதிர வேண்டும் என்ற ஆசைக்கு நார்ச்சத்தையும் மக்னீசியத்தையும் கொடுத்தாயிற்று. அரிசிக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதும் பழைய கேள்விதான். குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் 1920-களில் இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்தார். பால், பருப்பு, காய்கறி, கோதுமை சேர்ந்த சீக்கியர் உணவில் வளர்ந்த எலிகள் முதலிடம். கடைசி இடம் மதராஸ் உணவுக்கு. தமிழர்கள் அப்போதே ரோஷப்பட்டிருக்கலாம்.

இப்போது ரோஷம் சிறுதானியத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது. தினை, வரகு, சாமை, குதிரைவாலி என்று சூப்பர் மார்க்கெட்டில் தனி வரிசையே இருக்கிறது. தவறில்லை. ஆனால் கேழ்வரகை நைசாக அரைத்து, கஞ்சியாகக் காய்ச்சி, நாட்டுச்சர்க்கரை போட்டுக் குடித்தால் அது ரத்தத்தில் ஏறும் வேகம் சோற்றுக்குச் சளைத்ததில்லை. தினைப் பொங்கலும் வரகுத் தோசையும் அளவு பார்க்காமல் போனால் கணக்கு அதேதான். மேலே சொன்ன இந்திய ஆய்வின் 2025 அறிக்கை இதைப் பட்டவர்த்தனமாகப் போட்டு உடைத்தது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் வெள்ளை அரிசிக்குப் பதில் முழுக் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ என்று மாற்றுவதால் மட்டும் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. கலோரியில் ஐந்து சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து பருப்பு, பால் பொருட்களின் புரதத்துக்கு மாற்றும் கணக்கில் குறைந்தது. எந்தத் தானியம் என்று சண்டை போடுவதில் நேரம் வீணாகிறது. சாம்பாரில் பருப்பு கெட்டியாக இருக்கிறதா, மாலை டீயோடு பஜ்ஜிக்குப் பதில் சுண்டல் வருகிறதா என்பது அதைவிடப் பெரிய சமாச்சாரம்.

எண்ணெய்க்கும் இதில் பங்கு உண்டு. ஸ்வீடனின் உப்சாலாவில் 2014-ல் ஒரு சுவையான சோதனை நடந்தது. 39 இளைஞர்களுக்கு ஏழு வாரம், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் மஃபின் கேக்குகள் கொடுத்தார்கள். பாதிப் பேருடையது பாமாயிலில் செய்தது, மீதிப் பேருடையது சூரியகாந்தி எண்ணெயில். இரு தரப்புக்கும் எடை ஒரே மாதிரி 1.6 கிலோ கூடியது. பாமாயில் தரப்புக்குக் கல்லீரலிலும் வயிற்றுக்குள்ளும் கொழுப்பு கூடுதலாகச் சேர்ந்தது. சூரியகாந்தித் தரப்புக்குத் தசை கூடுதலாக வளர்ந்தது. ரேஷன் கடையில் 2007-லிருந்து பாமாயில் வாங்கும் மாநிலம் இந்தச் செய்தியைக் கொஞ்சம் கவனித்துப் படிக்கலாம். அதே திட்டத்தில் துவரம் பருப்பும் வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

சர்க்கரையின் கணக்கு வேறு. அதில் பாதி ஃபிரக்டோஸ். அது நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. மிதமிஞ்சினால் அங்கேயே கொழுப்பாக மாறுகிறது. நாளுக்கு நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 40 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் நல்லது என்று சொல்லும் 25 கிராமை, ஒரு இனிப்பைக்கூடத் தொடாமல், டீக்கடையிலேயே தாண்டியாகிவிட்டது. வெல்லம், கருப்பட்டி, தேன் என்று பெயர் மாறுவதைக் கல்லீரல் கண்டுகொள்வதில்லை.

மாவுச்சத்தைக் குறைப்பதா, கொழுப்பைக் குறைப்பதா என்ற பட்டிமன்றம் மேற்கிலும் ஓயவில்லை. ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 609 பேரை இரண்டாகப் பிரித்து ஓராண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2018-ல் வந்தது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரி 5.3 கிலோ இறங்கினார்கள், மாவைக் குறைத்தவர்கள் 6 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை. இரு தரப்புக்கும் சொல்லப்பட்ட பொது அறிவுரை, சர்க்கரையையும் மைதாவையும் விட்டுவிட்டுக் காய்கறியைக் கூட்டுங்கள் என்பது. எந்த வழியில் போனாலும் குதிர் காலியாவதுதான் விஷயம் என்பதை இன்னும் வெட்டவெளிச்சமாக்கியவர் இங்கிலாந்தின் நியூகாசிலில் இருக்கும் ராய் டெய்லர். 2011-ல் அவர் பதினொரு சர்க்கரை நோயாளிகளுக்கு நாளுக்கு 600 கலோரி மட்டும் கொடுத்தார். ஒரே வாரத்தில் கல்லீரலின் கொழுப்பு முப்பது சதவீதம் கரைந்தது. வெறும்வயிற்றுச் சர்க்கரை சாதாரண அளவுக்கு வந்தது. பிறகு 298 பேரைக் கொண்டு நடந்த டைரக்ட் ஆய்வில், ஓராண்டு முடிவில், எடை குறைக்கும் உணவுத் திட்டத்தில் இருந்தவர்களில் 46 சதவீதம் பேர் மருந்தில்லாமலே சர்க்கரை நோயின் எல்லைக்குக் கீழே வந்தார்கள். 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம். ஒவ்வொருவருக்கும் ஒரு கொழுப்பு வாசல்படி இருக்கிறது, அதைத் தாண்டினால்தான் வில்லங்கம் என்பது டெய்லரின் வாதம். ஒருவருக்கு அந்த வாசல்படி நூறு கிலோவில் இருக்கலாம், இன்னொருவருக்கு அறுபதிலேயே இருக்கலாம்.

டெய்லருக்கு முன்பே, ஆஸ்திரேலியாவில் கெரின் ஓடேயா இதைக் காட்டுக்குள் செய்து பார்த்தார். நகர வாழ்க்கைக்கு வந்து சர்க்கரை நோய் பிடித்திருந்த பழங்குடியினர் பத்துப் பேர் அவரோடு மேற்கு ஆஸ்திரேலியாவின் வனப்பகுதிக்குப் போய் ஏழு வாரம் வேட்டையாடி வாழ்ந்தார்கள். கங்காரு, மீன், கிழங்கு, தேன். சராசரி எட்டு கிலோ குறைந்தது. சர்க்கரை, இன்சுலின், ட்ரைகிளிசரைட் எல்லாம் இறங்கின. உணவு மட்டும் மாறியதா, உழைப்பும் மாறியதா என்று அதில் பிரித்துப் பார்க்க முடியாது. அதுதான் அந்த ஆய்வின் அழகும்.

உழைப்பின் பங்கைப் பார்க்க வேண்டுமானால் சென்னைக்குத் திரும்பி வரவேண்டும். ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களில் ஒரு பகுதியினருக்கு நடைப்பயிற்சியையும் உணவுக் கட்டுப்பாட்டையும் சொல்லிக் கொடுத்தது. 2006-ல் வந்த முடிவுகளின்படி, ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர்களில் மூன்றாண்டில் 55 சதவீதம் பேர் நோயாளி ஆனார்கள். வாழ்க்கை முறையை மாற்றியவர்களுக்கு அந்த ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரையும் கிட்டத்தட்ட அதே பலனையே கொடுத்தது. இதில் ருசிகரமான சங்கதி, மாறியவர்களின் எடை ஏறக்குறைய அப்படியே இருந்ததுதான். தசை சுருங்கும்போது குளுக்கோஸ் உள்ளே போக இன்சுலினின் தயவு தேவையில்லாத தனிக் கதவு ஒன்று திறக்கிறது. இரவு சாப்பிட்டதும் டிவி முன் சாயாமல் தெருவில் பதினைந்து நிமிடம் நடக்கிறவர் அந்தக் கதவைத் திறந்துவிடுகிறார். அந்த நேரத்துக்கு அவருடைய கணையம் உட்கார்ந்து மூச்சு வாங்கலாம்.

உணவையும் உழைப்பையும் தாண்டிய காரணங்களும் உண்டு. தூக்கம் அதில் ஒன்று. 1999-ல் சிகாகோவில் பதினொரு இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டபோது, அவர்கள் உடம்பு குளுக்கோஸை அப்புறப்படுத்தும் வேகம் ஏறக்குறைய நாற்பது சதவீதம் மந்தமானது. நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் சாப்பாட்டை மட்டும் நொந்துகொள்வதில் பயனில்லை. நாள்பட ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிறவர்கள், சினைப்பை நீர்க்கட்டி உள்ள பெண்கள், புகைப்பவர்கள் எல்லோருக்கும் எதிர்ப்பு கூடும். மரபணுவும் சேர்ந்துகொள்ளும். கர்ப்பம் என்பதோ இயற்கையே ஏற்பாடு செய்த இன்சுலின் எதிர்ப்பு. தாயின் தசை குளுக்கோஸை எடுத்துக்கொள்ளாமல் தள்ளிவைத்தால்தான் குழந்தைக்குப் போய்ச் சேரும். ஏற்கெனவே குதிர் நிறைந்த தாய்க்கு இந்தக் கூடுதல் சுமை தாங்காது. சென்னையின் வி. சேஷய்யா இதை ஓயாமல் வலியுறுத்தியதன் பலனாகத் தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் குளுக்கோஸ் சோதனை 2007-ல் அரசு ஆணையாகவே வந்தது. ஆரம்பச் சுகாதார நிலையத்து பெஞ்சில் 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் கையில் வைத்துக்கொண்டு முகம் சுளிக்கும் பெண்களுக்கு அந்த வரலாறு தெரிய நியாயமில்லை.

எதிர்ப்பு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கையில் ஊசி குத்தி மணிக்கணக்கில் இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்றிப் பார்ப்பதுதான் துல்லியமான முறை. அது ஆய்வுக்கூடத்தோடு சரி. வெறும்வயிற்றுச் சர்க்கரையையும் வெறும்வயிற்று இன்சுலினையும் பெருக்கி 405-ஆல் வகுக்கும் ஹோமா கணக்கை 1985-ல் ஆக்ஸ்ஃபோர்டில் உருவாக்கினார்கள். இன்று லேப்கள் அதைப் பேக்கேஜில் சேர்த்து விற்கின்றன. லேபுக்கு லேப் இன்சுலின் அளவு மாறுவதால் ஒரு எண்ணை வைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தையல்காரரின் டேப் அதைவிட மலிவு. தெற்காசிய ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80-ஐயும் தாண்டினால் மருத்துவரைப் பார்க்கலாம். கூடவே ட்ரைகிளிசரைட் ஏறி, நல்ல கொழுப்பு இறங்கியிருந்தால் சந்தேகம் உறுதியாகிறது. பிள்ளையின் கழுத்துக் கறுப்புக்குக் காசே கிடையாது.

2023-ல் வெளிவந்த கணக்கு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது. இன்னும் 13.6 கோடிப் பேர் விளிம்பில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 14.4 சதவீதம், பக்கத்துப் புதுச்சேரியில் 26 சதவீதத்துக்கும் மேல். விளிம்பில் இருக்கும் எல்லோரும் நோயாளி ஆகியே தீரவேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை என்பதை ராமச்சந்திரனின் 531 பேர் காட்டிவிட்டார்கள்.

புனேக் கிராமங்களில் கதை அடுத்த தலைமுறைக்கு நகர்ந்துவிட்டது. 1993-லிருந்து அங்கே ஒல்லியும் கொழுப்புமாகப் பிறந்த குழந்தைகள் பதின்வயதை எட்டியதும், 2012-ல் யாக்னிக் குழு அவர்களில் பலருக்கு வைட்டமின் பி12 மாத்திரை கொடுக்கத் தொடங்கியது. கல்யாணத்துக்கும் கர்ப்பத்துக்கும் பல ஆண்டுகள் முன்பே. அந்தப் பெண்களுக்கும் பையன்களுக்கும் பிறந்த குழந்தைகளை இப்போது தராசில் வைக்கிறார்கள், தலையைச் சுற்றி நாடா வைத்து அளக்கிறார்கள், முதுகுத் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பார்க்கிறார்கள்.